வெஸ்ட்ரே தீவிலிருந்து ஒரு புட்டி

புதன்கிழமைத் தபாலில் வரும்
பழுப்புத்தாள் சுற்றிய தகரப்பெட்டி.
உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் புட்டி,
புட்டிக்குள் காலையின் முதல் சிறுநீர்.
சீட்டில் சாய்ந்த கையெழுத்து:
இங்கா ரெண்டல், வயது இருபத்தாறு.

நான் அவளைப் பார்த்ததில்லை.
டண்டீயில், நிலத்தடி ஆய்வறையில் நான்.
சன்னலில் ஊராரின் கால்கள் மட்டும் நடந்துபோகும்.
அவளோ வடக்கே, கடல் தாண்டி.
காற்று மனம் வைத்தால்தான் அங்கே படகு.

கோப்பில் மூன்றே வரி.
பிள்ளை என்று நம்பினார்கள்.
பிள்ளை இல்லை.
திராட்சைக் கொத்தாய் நீர்க்குமிழிகள்.

முத்துப்பிள்ளை என்று அதற்குப் பெயர்.
பெயர் வைத்தவர்
கொஞ்சம் அழுதிருக்க வேண்டும்.

சுரண்டி எடுத்தாயிற்று. ஆனாலும்
ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது வளரும்,
நுரையீரல்வரை போகும்,
போகுமுன் சிறுநீரில் தடம் விடும்:
கர்ப்பிணிக்கென்று உள்ள அந்த ஹார்மோன்.
அதற்குத்தான் இரு வாரத்துக்கு ஒரு புட்டி,
இரண்டு வருடம்.

சோதனை என்பது ஒரு பந்தி, வேறொன்றுமில்லை.
முயலின் ரத்தத்தில் விளைந்த எதிர்ப்பொருள்
இலை போட்டுக் காத்திருக்கிறது.
இலைகளோ கணக்கானவை.
கதிரியக்க அயோடின் சூட்டிய ஹார்மோனை
எல்லாக் குழாய்க்கும் ஒரே அளவாய் நான் அனுப்புகிறேன்.
இங்காவின் புட்டியிலிருந்தும் ஆட்கள் வரலாம்.
வந்தால், என் ஆட்களுக்கு அவ்வளவு இடம் குறையும்.
இரவெல்லாம் குளிர்பெட்டிக்குள் நெரிசல்.
காலையில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி,
அடியில் தங்கியதை எண்ணியில் இறக்குகிறேன்.
குழாய்க்கு ஒரு நிமிடம்.

எண்ணி படபடத்தால் அவளிடம் ஒன்றுமில்லை, நல்லது.
எண்ணி அடங்கினால்
அடங்கிய அளவுக்கு அது இருக்கிறது.
இந்தத் தலைகீழ்க் கணக்கு பிடிபட
எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆயிற்று.
இன்னும் சில நாள், பேருந்தில்,
அமைதியான குழந்தைகளைக் கண்டால் திடுக்கிடுகிறேன்.

ஈயக் குடுவையில் அயோடினும் சும்மா இருப்பதில்லை.
அறுபது நாளில் பாதியாகிவிடும்.
அதனால் நேற்றைய எண்ணை இன்று நம்பக்கூடாது,
ஒவ்வொரு முறையும் புதிதாய் வளைகோடு வரைய வேண்டும்.
வரைந்தேன். அக்டோபரில் இறங்கியது,
நவம்பரில் இன்னும்,
கிறிஸ்துமஸுக்குத் தரையோடு தரை.
ஃபெர்கஸ் அன்று எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டான்.

மார்ச் கடைசிப் புதன்.
எண்ணி தடுமாறியது. இரட்டைக் குழாயிலும் அதே.
'சரியாகக் கொட்டியிருக்க மாட்டாய்' என்றான் ஃபெர்கஸ்.
மறுபடி வைத்தேன், நீர்த்தும் வைத்தேன்.
அதே.

டாக்டர் காரி கண்ணாடியைக் கழற்றினார்.
'ஒன்று, அது திரும்பியிருக்கிறது.
இல்லையென்றால் அவர்கள் இருவரும்
நாம் சொன்ன காலம்வரை பொறுக்கவில்லை.'

குழாய்க்குத் தெரியாது.
கட்டி அனுப்பினாலும் கரு அனுப்பினாலும்
வந்து உட்காருவது ஒரே முகம்.
எவ்வளவு என்று கேட்டால் சொல்வேன்,
நானோகிராம் சுத்தமாய்ச் சொல்வேன்.
எதனுடையது என்று கேட்காதீர்கள்.

பெட்டியில் பஞ்சுக்கடியில் ஒரு துண்டுத்தாள்:
'தாமதத்துக்கு மன்னிக்கவும்.
ஆடுகள் குட்டிபோடும் நேரம், ராத்தூக்கம் இல்லை.'
அதை எத்தனை தடவை படித்தேனோ,
ஏதாவது ஒரு எழுத்து வாய் திறக்குமா என்று.

தீவு மருத்துவருக்குத் தொலைபேசி போயிற்று.
காற்று தணிந்தால் வெள்ளிக்கிழமை விமானம்,
அபர்டீனில் ஸ்கேன்.
நான் பதிவேட்டில் எண்ணை எழுதினேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
வழக்கம்போல் வெற்றுப்புட்டி ஒன்றைக் கழுவி,
பஞ்சு சுற்றி, அவள் பெட்டியில் வைத்தேன்,
அடுத்த தேதி போட்டு.

விளக்கை அணைக்கும்போதுதான் கவனித்தேன்,
எண்ணியை நிறுத்தவில்லை.
குழாய் இல்லாத குழியை அது
எண்ணிக்கொண்டே இருந்தது:
பத்தொன்பது,
இருபத்துமூன்று,
இருபத்தொன்று.